தடக்காரர் கன்னையனின் கை ரம்பம்

திருப்பூரில் அந்த நாளில் பனியன் துணி நெய்தவர்கள் எத்தனையோ பேர். அவர்களில் கன்னையண்ணனைப் பற்றி மட்டும் தனியாகச் சொல்ல என்ன இருக்கிறது என்று கேட்டால் எனக்குக் கோபம்தான் வரும். தைப்பூசத்துக்கு எங்களோடு பழனிக்கு நடந்தவர்கள் யாரையாவது கேட்டுப் பாருங்கள். காவடி தூக்கியவன் பெயர் மறந்திருக்கும். நான்தான் காவடி தூக்கினேன், என் பெயர் கந்தவேல், அதை ஒருவரும் நினைவு வைத்திருக்கவில்லை. தடக்காரர் கன்னையன் பெயரை மறந்தவர்கள் கிடையாது.

தடம் என்றால் எங்கள் பக்கத்தில் வழி. எங்கள் கூட்டம் தார் ரோட்டை முடிந்தவரை தவிர்க்கும். தை மாத வெயில் என்ன செய்துவிடும் என்பவர்கள் வெறுங்காலோடு தாரில் ஒரு மைல் நடந்துவிட்டு வந்து பேசட்டும். அவிநாசிபாளையம் தாண்டியதும் நாங்கள் இட்டேறியில் இறங்கிவிடுவோம். இரண்டு பக்கமும் கிளுவை வேலி வைத்து, நடுவில் ஒரு வண்டி போகும் அகலத்துக்கு விட்ட மண் தடம்தான் இட்டேறி. மண் குளிர்ச்சியாக இருக்கும், முள்ளும் தாராளமாக இருக்கும். வேலிக்கு அப்பால் கொறங்காடு என்னும் மேய்ச்சல் நிலம், அதன் வெள்வேல மரங்கள் வேலிக்கு மேல் சாய்ந்து கிடக்கும். காவடியின் மயில்தோகை மேலே சிக்கும், உதிர்ந்த முள் கீழே காலில் ஏறும். அதனால் ஒரு ஆள் கூட்டத்துக்கு முன்னால் போக வேண்டும். கிளைகளைக் கழித்து, முள்ளைப் பொறுக்கி வேலிக்கு அந்தப் பக்கம் எறிந்துவிட்டு, அன்றைக்குத் தங்கும் தோப்பில் அடுப்புக்கு விறகும் சேர்த்து வைக்க வேண்டும். அவர்தான் தடக்காரர். அவருக்கும் செருப்பு கிடையாது. மாலை போட்ட எல்லாருக்கும் ஒரே சட்டம்தான்.

கன்னையண்ணன் இந்த வேலையை மிஷின் பார்ப்பது போலவே பார்த்தார். கம்பெனியில் அவருடைய நெசவு மிஷினில் ஓர் ஊசி மழுங்கினாலும் துணியில் கோடு விழும் முன்பே கண்டுபிடித்துவிடுவார். இடுப்பில் ஒரு சின்னக் குறடு எப்போதும் இருக்கும். வளைந்த ஊசியைப் பிடுங்கி வேறு ஊசி போட்டுவிட்டு, ஒன்றும் நடக்காதது போல வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவுவார். இட்டேறியிலும் அப்படித்தான். குனிந்த தலை நிமிராமல் போவார், அவர் போன தடத்தில் கைக்குழந்தையைத் தவழ விடலாம்.

அவர் முருகனுக்காக இதைச் செய்கிறார் என்றுதான் எல்லாரும் நினைத்தார்கள். எனக்குத் தெரியும், பாதிதான் முருகனுக்கு, மீதிப் பாதி அவர் மனைவி பொன்னாத்தாள் அக்காவுக்கு. முருகன் இதற்கெல்லாம் கோபித்துக்கொள்ள மாட்டார், அவரும் இரண்டு பெண்டாட்டிக்காரர்.

கல்யாணமான புதிதில் அண்ணனுக்கு விஷக் காய்ச்சல் வந்தது. பிழைக்க மாட்டார் என்று உறவுக்காரர்கள் மாலைக்குச் சொல்லி அனுப்பாத குறை. அப்போது அக்கா பழனி இருந்த திசையைப் பார்த்து வேண்டிக்கொண்டாள். இவர் எழுந்து நடந்தால், தன் காலில் தெம்பு இருக்கிறவரை வருஷா வருஷம் வெறுங்காலோடு நடந்து வந்து கும்பிடுவதாக. அண்ணன் எழுந்து நடந்தார். அக்காவும் நடந்தாள். தன் உயிருக்காக ஒருத்தி முள்ளில் நடப்பதைச் சும்மா பார்த்துக்கொண்டிருக்க முடியாமல்தான் அண்ணன் தடக்காரர் ஆனார்.

நாற்பது வயதைத் தாண்டியபோது அக்காவுக்குச் சர்க்கரை வியாதி வந்தது. ஒரு நாள் சமையலின்போது அடுப்பிலிருந்து விழுந்த தணலை மிதித்துக்கொண்டே நின்றிருக்கிறாள். வாசம் வந்த பிறகுதான் குனிந்து பார்த்திருக்கிறாள். டாக்டர் அவள் பாதத்தில் ஊசி முனையால் குத்திக் குத்தித் தெரிகிறதா என்று கேட்டார். அவள் கூரையைப் பார்த்துக்கொண்டு, "எப்பங்க குத்துவீங்க?" என்றாளாம். டாக்டர் அண்ணனைத் தனியாக அழைத்து, இனிமேல் செருப்பில்லாமல் வாசலைத் தாண்டக் கூடாது, முள் ஏறினால் அவளுக்குத் தெரியாது, தெரியாமல் புண்ணாகிச் சீழ் வைத்தால் காலையே எடுக்க வேண்டி வரும் என்று சொல்லிவிட்டார்.

வருஷம் முழுக்க அக்கா செருப்புப் போட்டுக்கொண்டாள். ஆனால் மார்கழி பிறந்ததும் அதைக் கழற்றிப் பரண்மேல் வைத்துவிட்டாள். அண்ணன் கெஞ்சினார், மிரட்டினார், இரண்டு வேளை சாப்பிடாமல்கூட இருந்தார்.

"செருப்புப் போட்டுக்கிட்டு வாரேன்னு நான் வேண்டலீங்களே," என்றாள் அக்கா. "முன்னால நீங்க போறப்ப எனக்கென்ன பயமுங்க?"

அண்ணன் தடத்துக்குக் கொண்டுபோகும் கோடாலியைத் தீட்ட எடுத்தார். எடுத்தவர் அப்படியே கீழே வைத்தார். ஏனென்றால் அந்த ஐப்பசியில்தான் நொய்யல் பாலத்தில் மழையில் சைக்கிள் சறுக்கி வலது தோளில் அடிபட்டிருந்தது. எலும்பு கூடிவிட்டது, ஆனால் கை தோளுக்கு மேல் எழவில்லை. மிஷின் வேலைக்கு அது போதும், சட்டை போடத்தான் அக்கா வர வேண்டும். கோடாலி ஓங்குவது இனி ஆகாத காரியம்.

எங்கள் கூட்டத் தலைவர் குமாரசாமி நல்ல மனிதர், ரகசியம் பேசினாலும் தெருவுக்கே கேட்கும். "கன்னையா, இந்த வருசம் என்ற மாப்பிள்ளை முன்னால போகட்டும். நீங்க சாமான் வண்டியில சொகமா உக்காந்து வாங்க," என்றார். தன் மருமகனைத்தான் சொன்னார்.

அண்ணன் மரியாதையாக, "சரிங்க," என்றுவிட்டு என்னோடு வெளியே வந்தார். தெருமுனையில் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அந்தத் தம்பி நல்லவந்தான் கந்தவேலு. கிளைய வெட்டுவான். வெட்டுனப்பறம் செதறுன முள்ளப் பொறுக்குவானா? அவனுக்கு உங்கக்கா காலு எல்லார் காலு மாதிரி ஒரு காலு. எனக்கு அப்படியா?" என்றார்.

கோடாலியை ஓங்கத்தானே முடியாது, ரம்பத்தை இழுக்கலாமே என்ற யோசனை அவருக்கு மறுநாள் கம்பெனியில் வந்தது. ஞாயிற்றுக்கிழமை இருவரும் கோயம்புத்தூருக்கு பஸ் ஏறினோம்.

டவுன்ஹால் பக்கம் ஓர் இரும்புக் கடை. தடத்துக்கும் விறகுக்கும் கைக்கு அடக்கமாக ஒரு ரம்பம் வேண்டும் என்று அண்ணன் கேட்டார். கடைக்காரர் முதலில் விளையாட்டாக ஒரு பெரிய யந்திரத்தைக் காட்டினார். வால்பாறை எஸ்டேட்டிலிருந்து ரிப்பேருக்கு வந்ததாம். சங்கிலியில் பல் வைத்து, பெட்ரோலில் ஓடும் ரம்பம். கடைப் பையன்கள் இரண்டு பேர் சேர்ந்து தூக்கி, கயிற்றை இழுத்து ஓட விட்டார்கள். கடை முழுவதும் புகை. ஒரு கட்டையை அது கடித்துத் துப்பியதைப் பார்த்து எனக்கு வாய் பிளந்துவிட்டது.

"ஏனுங்க, இதைத் தூக்கிட்டு வாரதுக்குன்னு தனியா ஒரு காவடி கட்டோணுமுங்களே," என்றார் அண்ணன். கடைக்காரர் சிரித்துக்கொண்டே கை ரம்பங்களை எடுத்துப் பரப்பினார்.

அண்ணன் ரம்பம் பார்த்த அழகைச் சொல்ல வேண்டும். முழங்கையை விலாவோடு ஒட்டி வைத்துக்கொண்டு, காற்றில் இழுத்து இழுத்துப் பார்த்தார். நீளமானது தோளை இழுக்கிறது என்று ஒதுக்கினார். இரண்டு பேர் பிடிக்கும் ரம்பத்தைத் தொடவே இல்லை. வில் போன்ற சட்டம் வைத்தது வேலிச் சந்துக்குள் நுழையாது என்றார். பிடி கைக்குள் அடங்க வேண்டும், வியர்த்தாலும் வழுக்கக் கூடாது, தோள்பைக்குள் போக வேண்டும், கை மொத்தமுள்ள கிளையை அறுக்க வேண்டும். இப்படிக் கழித்துக் கழித்துக் கடைசியில் இரண்டு மிஞ்சின. ஒன்று, காப்பித் தோட்டத்தில் கவாத்துக்கு வைத்திருக்கும் வளைந்த ரம்பம். பல் ஒவ்வொன்றும் தனித்தனியாக, இடமும் வலமுமாகக் கோணிக்கொண்டு, நடுவில் சந்து விட்டு, பார்க்கவே அசிங்கமாக இருந்தது. இன்னொன்று நேரான தகடு, பொடிப் பொடியாக நெருக்கமான பல், வரிசை அத்தனை ஒழுங்கு.

"பச்சை மரமுங்களா, காஞ்ச மரமுங்களா? பச்சைன்னா வளைஞ்சதை எடுங்க," என்றார் கடைக்காரர்.

அண்ணன் காதில் அது விழவில்லை. நெருக்கப் பல் வரிசையில் விரல் நகத்தை ஓட்டி, உதட்டை அசைத்து எண்ணிக்கொண்டிருந்தார். பனியன் மிஷினை எப்படி மதிப்பிடுவோம்? ஓர் அங்குலத்துக்கு எத்தனை ஊசி என்று பார்ப்போம். கேஜ் கூடக் கூடத் துணி நைசு, மிஷினுக்கும் மதிப்பு.

"இதுதான் பைன் கேஜ், கந்தவேலு. அந்தக் கோணப்பல்லுல நெசவு நெய்ய முடியுமா?" என்றார்.

நானும் பலமாகத் தலையாட்டினேன். நான் துணி வெட்டுகிறவன், எனக்கும் திருப்பூர்ப் புத்திதானே. கடைக்காரர் கொடுத்த காய்ந்த ரீப்பர் கட்டையை அது ஒரே மூச்சில் அறுத்தது. கடைக்காரர் மேற்கொண்டு ஒன்றும் சொல்லாமல் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார்.

குமாரசாமியும் ரம்பத்தைப் பார்த்துவிட்டு இறங்கி வந்து, அண்ணனே முன்னால் போகட்டும் என்றார். நடையின் முதல் நாள் அண்ணன் பாடு கொண்டாட்டம்தான். பாதித் தூரம் ரோட்டோரம், தடத்தில் வேலை அதிகமில்லை. தங்கிய தோப்பில் பட்டுப்போன கிளைகளை அந்தச் சின்ன ரம்பம் வெண்ணெய் போல அறுத்துத் தள்ளியது. நாங்கள் போய்ச் சேரும்போது விறகு முழம் முழமாக அடுக்கி இருந்தது, பருப்பு கொதித்துக்கொண்டிருந்தது. அண்ணன் ரம்பத்துக்கு மிஷின் எண்ணெய் தடவி, கட்டிங் வேஸ்ட் துணியால் துடைத்து, யார் கேட்டாலும் எடுத்துக் காட்டினார். அக்காவின் கால் இரண்டையும் அந்திவெளிச்சம் போகும் முன் கழுவிப் பார்த்தார், ஒன்றுமில்லை.

மறுநாள் காலையில் குண்டடத்துக்கு முன்னால் பெரிய இட்டேறி. நாங்கள் கொட்டு முழக்கோடு அரோகரா போட்டுக்கொண்டு ஒரு திருப்பம் திரும்பினோம். வெகு தூரம் முன்னால் போயிருக்க வேண்டிய அண்ணன் அங்கேயே நின்றுகொண்டிருந்தார். தடத்தின் குறுக்கே முறிந்து சாய்ந்த பச்சை வெள்வேலங்கிளை. அதில் பாதி ஆழத்தில் ரம்பம் இறுகிக்கொண்டு நின்றது. முன்னாலும் போகாமல் பின்னாலும் வராமல், பிசினும் ஈரத்தூளும் பல்லிடுக்கில் அப்பிக்கொண்டு கிடந்தது. கிளையைக் கையாலேயே இழுத்துப் பார்த்திருக்கிறார், முழங்கை வரை கீறல்.

கொட்டு நின்றது. அண்ணன் எங்கள் யாரையும் பார்க்கவில்லை, அக்காவின் கால் நிற்கும் இடத்தையே பார்த்தார்.

குமாரசாமி தன் குரலை எவ்வளவு தாழ்த்த முடியுமோ அவ்வளவு தாழ்த்தி, "பரவால்ல கன்னையா. கோடாலியை எடுக்கச் சொல்றேன். மாப்பிள்ளை போகட்டும்," என்றார்.

"கொஞ்சம் பொறுங்க சாமி," என்றார் அண்ணன். எல்லாரும் சேர்ந்து கிளையை வளைத்துப் பிடித்து ரம்பத்தை விடுவித்தோம். அவர் அதை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்தார். மிஷினில் பஞ்சுத் தூசி அடைத்துக்கொண்டால் பார்ப்பாரே, அந்தப் பார்வை.

"ஓ, ஊசி அதிகம்," என்றார். "இடம் விட்டுத் துணி வேணும்னா ஊசியக் கழட்டறோமல்ல? தூளு வெளிய வாரதுக்கு இங்க எடமே இல்ல."

வண்டிக்காரர் பொங்கியண்ணனிடம் அரிவாள் தீட்டும் அரம் இருந்தது. அண்ணன் வண்டியின் பார்ச்சட்டத்தில் ரம்பத்தை அழுத்தி வைத்துக்கொண்டு, ஒரு பல் விட்டு ஒரு பல்லை ராவித் தள்ளினார். பிறகு இடுப்புக் குறடை எடுத்து மிஞ்சிய பற்களை ஒன்றை இடப்பக்கமும் ஒன்றை வலப்பக்கமுமாக வளைத்துக்கொண்டே போனார். முடிந்தபோது அது கோயம்புத்தூரில் வேண்டாமென்று வந்தோமே, அந்தக் கோணப்பல் ரம்பம் போலவே இருந்தது. எனக்குச் சிரிப்பு வந்தது, அந்த நேரத்தில் சிரிக்கக் கூடாதென்று அடக்கிக்கொண்டேன். ஆனால் அண்ணனே சிரித்துவிட்டார்.

ரம்பம் இப்போது பச்சைக் கிளையைத் தின்றது, ஈரத்தூள் பொலபொலவென்று கொட்டியது. குறுக்கே கிடந்த கிளை போய்விட்டது. ஆனால் மேலே பார்த்த குமாரசாமி தலையைச் சொறிந்தார். தலைக்கு மேல் கிளைகள் அப்படியே தொங்கின. ரம்பம் எதுவானாலும் அண்ணன் கை தோளைத் தாண்டாது, காவடியோ தோளில் தொடங்குகிற சமாச்சாரம்.

"மாப்பிள்ளையும் கூடப் போகட்டும், கன்னையா," என்றார் அவர்.

"அவரு வேண்டாமுங்க, நான் போறனுங்க," என்றாள் பொன்னாத்தாள் அக்கா.

எல்லாரும் திரும்பினோம். அக்கா வண்டியிலிருந்து தொரட்டுக் கோலை எடுத்துக்கொண்டு வந்து நின்றாள். கிளையைத் தான் கொக்கியில் மாட்டிக் கீழே இழுத்துப் பிடிப்பதாகவும், அவர் அறுத்தால் போதுமென்றும் சொன்னாள்.

அண்ணனுக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வந்தது. நான் அவரை அப்படிப் பார்த்ததே இல்லை. "உனக்குப் புத்தி கெட்டுப் போச்சா? நான் யாருக்காகத் தடம் பண்றேன்? தடம் பண்ணாத எடத்துல நீ வந்து நிக்கறேங்கறே? முள்ளுமேல நின்னாத் தெரியுமா உனக்கு?"

"தெரியாதுங்க," என்றாள் அக்கா நிதானமாக. "என்ற காலுக்குத் தெரியாது, உங்க காலுக்குத் தெரியும். உங்க கை மேல போகாது, என்ற கை போகும். நீங்க மிதிச்ச எடத்துல மட்டுந்தான் நான் மிதிப்பேன். வேற எங்கயும் காலை வெக்க மாட்டேன். போதுங்களா?"

அண்ணன் குனிந்து ரம்பத்தை எடுத்துக்கொண்டார். குமாரசாமி பக்கத்தில் நின்று மூக்கை உறிஞ்சினார், அதுவும் தெருவுக்கே கேட்கிற மாதிரிதான். அவர் கையைக் காட்ட, இருவரும் முன்னால் போனார்கள்.

அதற்கப்புறம் நாங்கள் அவர்களை அதிகம் பார்க்கவில்லை. வெட்டி ஒதுக்கிய கிளைகளைப் பார்த்தோம். ஒரு தோகை எங்கும் சிக்கவில்லை. முன்வரிசையில் வந்த எனக்கு மட்டும் இன்னொன்றும் தெரிந்தது. இட்டேறிப் புழுதி மாவு போல நைசாக இருக்கும், காக்கை நடந்தாலும் பதியும். இரண்டு பேர் போன தடத்தில் ஒரே ஆளின் காலடிதான் இருந்தது. நின்று குனிந்து பார்த்தேன். அகலமான ஒரு பாதத்துக்குள் சின்னப் பாதம் ஒன்று அச்சாகப் பதிந்திருந்தது. ஒவ்வொன்றிலும் அப்படித்தான். மூன்று பேர் பின்னால் முட்டிக்கொண்டு, "என்ன கந்தவேலு, காவடி கனக்குதா?" என்று கேட்டார்கள். நான் அந்தக் காலடிகளை மிதிக்காமல் ஓரமாகவே நடந்தேன்.

தாராபுரத்தில் அமராவதி ஆற்றங்கரையில் தங்கியபோதும் விறகு அடுக்கி இருந்தது. அதற்கடுத்த நாளும் அப்படியே. சண்முகநதிக்கு நாங்கள் போய்ச் சேர்ந்தபோது இருவரும் கரையில் எங்களுக்காக உட்கார்ந்திருந்தார்கள். எத்தனையோ வருஷம் தனித்தனியாக நடந்தவர்கள், அந்தத் தடவைதான் ஒன்றாகப் பழனிக்கு வந்து சேர்ந்திருந்தார்கள். அக்காவுக்கு முகமெல்லாம் புழுதி, புதுப்பெண் மாதிரி இருந்தாள்.

காவடியை இறக்கிவிட்டு நான் தண்ணீர் குடிக்கப் போனேன். அண்ணன் அக்காவைக் கல்லில் உட்காரவைத்து, அவள் காலை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, விரலிடுக்கு விரலிடுக்காகக் கழுவிப் பார்த்தார். குதிகாலைத் திருப்பி வெயிலில் காட்டினார். அடுத்த காலையும் அப்படியே பார்த்தார். ஒரு கீறல் இல்லை. என்னைப் பார்த்து, "ஒண்ணுமே இல்ல கந்தவேலு!" என்று கூவினார். சம்பளம் வாங்கிய நாளில்கூட அவர் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை நான் பார்த்ததில்லை.

"இப்ப உங்க காலைக் காட்டுங்க," என்றாள் அக்கா.

அண்ணன் காலை மணலுக்குள் நுழைத்துக்கொண்டார். அக்கா விடவில்லை, கணுக்காலைப் பிடித்து வெளியே இழுத்தாள். உள்ளங்கால் முழுக்க முறிந்த முள் முனைகள் கறுப்புக் கறுப்பாகத் தோலுக்குள் நின்றன. சில இடம் வீங்கிச் சிவந்திருந்தது. அக்கா வளையலில் மாட்டியிருந்த ஊக்கைக் கழற்றி, ஒவ்வொன்றாக நோண்டி எடுக்கத் தொடங்கினாள். எடுக்க எடுக்கத் திட்டினாள், திட்டத் திட்டக் கண்ணீர் அவர் காலிலேயே விழுந்தது.

"ஏறுனப்பவே ஒரு வார்த்தை சொல்லக் கூடாதுங்களா? பின்னாலதான வந்தேன்? இத்தனையையும் வெச்சுக்கிட்டு நொண்டக்கூட இல்லியே நீங்க!"

"நொண்டுனா காலடி கோணிப் போயிருமல்ல, அம்மிணி," என்றார் அண்ணன். "அப்பறம் நீ எதைப் பார்த்து மிதிப்பே?"